ஷோபா சிஸ்டரின் காலி நாற்காலிகள்

அந்த உத்தரவு வந்த காலையில் ஷோபாவுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அவள் பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் சந்தேகம் கேட்பதற்காக கர்நாடக அரசாங்கம் நடத்திவந்த தொலைபேசி உதவி எண்ணில்தான் அவளுக்கு வேலை. கூப்பிடுகிறவர்கள் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என்று தங்களுக்கு வேண்டிய பாஷைக்கான எண்ணை அழுத்தினால், அந்தப் பாஷை தெரிந்த நர்ஸ் ஒருத்தி எடுத்துப் பேசுவாள். ஷோபா அதற்கு இன்சார்ஜ். நர்ஸ்களைத் தேர்ந்தெடுப்பது, பழக்குவது, யார் எந்த ஷிப்டு என்று முடிவு செய்வது, எந்த நாற்காலியும் காலியாக இல்லாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் பொறுப்பு. கோவிட் சமயத்தில் ஆபீஸைப் பூட்டி ஆளுக்கொரு லேப்டாப்பும் ஹெட்போனும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊரடங்கு போய், மாஸ்க் போய், ஊர் பழையபடி ஆன பிறகும் நர்ஸ்கள் வீட்டிலிருந்தே பேசிக்கொண்டிருந்தார்கள். வேலை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. காண்ட்ராக்ட் சம்பளம் தனியாரைவிடக் குறைவு என்றாலும், வீட்டை விட்டு நகர வேண்டாம் என்பதற்காகவே முன்பு எட்டிப் பார்க்காத நல்ல நர்ஸ்களெல்லாம் விண்ணப்பம் போட்டார்கள்.

ஷோபாவின் நிலைமை மட்டும் வேறு. பெங்களூரு மர்பி டவுனில் அவள் வீடு ஒரு அறையும் சமையல்கட்டும்தான். கணவன் பிரகாஷுக்குப் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர் வேலை. அவன் ராத்திரி ஷிப்டு முடித்து வந்து பகலில் தூங்கும் வாரங்களில், அவள் காஸ் அடுப்புக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யாரோ ஒருத்தியின் பால் கட்டிய மார்புக்குக் குசுகுசுவென்று வைத்தியம் சொல்லிக்கொண்டிருப்பாள். பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்தால் சைகையிலேயே அதட்ட வேண்டும். அதனால், அடுத்த மாதம் முதல் காண்ட்ராக்ட் ஊழியர்கள் உட்பட எல்லோரும் அரசு அலுவலகத்தில் ஆஜராகியே வேலை செய்ய வேண்டும் என்ற உத்தரவைப் படித்தபோது, மின்விசிறிக்குக் கீழே மேஜை போட்டு உட்காரலாம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. மர்பி டவுனிலிருந்து பழைய ஆபீஸ் கட்டடத்துக்கு ஒரே பஸ்.

மத்தியானத்துக்குள் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. நர்ஸ்கள் ஒவ்வொருவராகப் போன் செய்ய ஆரம்பித்தார்கள்.

முதலில் கூப்பிட்டவள் ஸ்னேஹா. ஊர்க்கோடியில், பொம்மசந்திராவில் வீடு. புருஷனுக்கு அங்கேயே ஒரு மருந்து கம்பெனியில் வேலை. ஒரு வயதுக் குழந்தை. தெலுங்கும் தமிழும் கன்னடமும் தண்ணீர்பட்ட பாடு அவளுக்கு. பயந்துபோய்க் கூப்பிடுகிற பெண்கள் அவளிடம் பேசி முடிக்கும்போது சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள், "அக்கா, சில்க் போர்டு ட்ராஃபிக்கத் தாண்டி வர்றதுக்கே ரெண்டு மணி நேரம் ஆயிடும். திரும்பிப் போக ரெண்டு மணி நேரம். புள்ளைக்குப் பால் யார் குடுப்பா? தாய்ப்பால் குடுங்கன்னு நாளெல்லாம் ஊருக்குச் சொல்றது நான்தானே?"

ஷோபா, கொஞ்சம் பொறு, மேலே பேசிப் பார்க்கிறேன் என்றாள். அதையேதான் மற்றவர்களிடமும் சொன்னாள்.

மேலே என்றால் தேசிகன். இந்தத் திட்டத்துக்கு இணை இயக்குநர். மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருக்கும் குடும்பம். மீட்டிங்கில் சுத்தக் கன்னடமும் தனியாகப் பேசும்போது தமிழுமாக இருப்பார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எங்கேயோ ஒரு பிரிவில் வீட்டிலிருந்து வேலை செய்வதாகச் சொல்லிச் சம்பளம் வாங்கிய ஒருவர் சொந்தமாகக் கடை நடத்திக்கொண்டிருந்தது அம்பலமாகி, பெரிய ரகளையாகி, அதிலிருந்து பிறந்த உத்தரவு இது என்று அவர் விளக்கினார். தொலைபேசியில் பேசுகிற வேலைக்கு விலக்கு கேட்டுப் பார்க்கலாமே என்று ஷோபா சொன்னதற்கு, ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்று சொல்லி முடித்துவிட்டார்.

ஒன்றாம் தேதி, நாலாம் மாடியில் பூட்டிக் கிடந்த ஆபீஸ் திறந்தது. மேஜைகளைத் துடைத்துவைத்தார்கள். வாசலில் முகம் காட்டி ஆஜர் போடும் மெஷின் ஒன்று வந்திருந்தது. சுவரில் பெரிய திரை. எத்தனை பேர் லைனில் காத்திருக்கிறார்கள் என்று அதில் பாஷைவாரியாகத் தெரியும். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகும். வீட்டில் இருந்தபோது அந்த எண்ணிக்கை லேப்டாப்பின் மூலையில் சின்னதாகத் தெரிந்த ஒன்று. இப்போது சுவரளவுக்கு நின்றது.

முதல் வாரத்திலேயே ஸ்னேஹா போய்விட்டாள். இரண்டு நாள் வந்து பார்த்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் பஸ்ஸில் வீடு திரும்பும்போது பால் கட்டிப் புடவையெல்லாம் நனைந்துபோனதை மறுநாள் போனில் சொன்னாள். தனியார் கம்பெனி ஒன்றில் இதே மாதிரி வேலை, வீட்டிலிருந்தே, கேட்டதும் கொடுத்துவிட்டார்கள் என்றாள். ஷோபாவால் போகாதே என்று சொல்ல முடியவில்லை.

அடுத்தது பிரிஜெட். அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேல் பிரசவ வார்டு பார்த்து ரிடையர் ஆனவர். லிங்கராஜபுரத்தில் தனியாக இருந்தார். முதல் போஸ்டிங் பீதர் பக்கம் என்பதால் அந்தப் பக்கத்து உருது அவருக்கு அப்படியே வரும். உருது நாற்காலியே அவருடையதுதான். ஆனால் முட்டி இரண்டும் தேய்ந்துபோயிருந்தது. லிஃப்டு பாதி நாள் ஓடாது. ஓடாத ஒரு நாள் நாலு மாடியும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, மூச்சு வாங்கி உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மறுநாள் வரவில்லை. போனில், "நான் ஒரு தடவ ரிடையர் ஆனவ மா. இந்த வேல பிடிச்சுதுன்னுதான் செஞ்சேன். இப்ப உடம்பு நக்கோ, வேணாங்குது," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் ஷோபாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

இன்னும் சிலர் போனார்கள். உருது வரிசை தினமும் சிவப்பாகவே இருந்தது. நடுநடுவே ஷோபாவே போய் அந்த நாற்காலியில் உட்காருவாள். அவளுக்குத் தெரிந்த உருது, கடையில் பேரம் பேசுகிற உருது. கர்ப்பப்பை, பனிக்குடம், வலி எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதில் இல்லை.

ஆள் எடுக்க நேர்முகத் தேர்வு வைத்தார்கள். பழைய நாட்களில் அறை நிறைய வருவார்கள். இப்போது வந்தவர்கள் உட்காரும் முன்பே, வீட்டிலிருந்து செய்யலாமா என்று கேட்டார்கள். இல்லை என்றால் பையை எடுத்துக்கொண்டு மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். ஷ்ரேயாஸ் என்று ஒரு பையன், ஆண் நர்ஸ், கன்னடமும் தமிழும் நன்றாகப் பேசுகிறவன், இரண்டே கேள்வி கேட்டான். வேலை நிரந்தரமாகுமா? இல்லை. வீட்டிலிருந்து செய்யலாமா? இல்லை. "அப்போ கவர்மென்ட் வேலைன்னு எதுக்கு மேடம் வர்றது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனாலும் சேர்ந்தான். மூன்று வாரம் அவனைப் பழக்கினாள். தனியாகப் பேச ஆரம்பித்த வாரத்திலேயே அவனும் ராஜினாமா அனுப்பிவிட்டான்.

ஷோபாவுக்குத் தூக்கம் குறைந்தது. பஸ்ஸில் வரும்போதே இன்றைக்கு யார் வராமல் இருக்கப்போகிறார்கள் என்று மனம் ஓடும். யாராவது "மேடம், ஒரு நிமிஷம்" என்றால் ராஜினாமாதான் என்று நினைத்துக்கொள்வாள். யாருடைய போனும் வராத நாளில் அதுவும் பயமாக இருந்தது. இருக்கிறவர்களிடம் அவள் அதிகமாகவே சிரித்துப் பேசினாள். டீ வாங்கிக் கொடுத்தாள். லீவு கேட்டால் தன் லீவை வெட்டி அவர்களுக்குக் கொடுத்தாள். பிரகாஷ் ஒருநாள், நீ வீட்டில் யார் போன் அடித்தாலும் திடுக்கிடுகிறாய் என்றான்.

அந்த வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் உருது வரிசையில் ஒரு அழைப்பை ஷோபா எடுத்தாள். மறுமுனையில் ஒரு பெண் மெதுவாக, வார்த்தை வார்த்தையாகப் பேசினாள். பேர் நஸ்ரீன். ஏழு மாதக் கர்ப்பம். சொந்த ஊர் கலபுர்கி பக்கம். அவ்வளவு புரிந்தது. காலையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுக் காத்திருந்து கட்டாகிவிட்டது என்பதும் புரிந்தது. பிறகு அவள் வேகமாகப் பேச ஆரம்பித்ததும் ஷோபாவுக்குப் பாதி நழுவியது. தலை என்கிறாள், கண் என்கிறாள், மின்னல் மாதிரி என்று ஏதோ சொல்கிறாள். முகம் வீங்கியிருக்கிறதா என்று ஷோபா தன் கடை உருதுவில் கேட்டாள். அந்தப் பெண் ஆமாம் என்றாளா, வேறு என்னவோ சொன்னாளா தெரியவில்லை. குரல் குழறியது.

 முன்பு பிரசவ வார்டில் நர்ஸாக இருந்த ஷோபாவுக்கு அது என்னவென்று சந்தேகமே இல்லை. பிரஷர் ஏறுகிறது. வலிப்பு வந்தால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். ஆம்புலன்ஸ் அனுப்பலாம். எங்கே அனுப்புவது? எங்கே இருக்கிறாய் என்று எத்தனை விதமாகக் கேட்டும் பீன்யா என்ற ஒரு சொல்தான் தெளிவாக வந்தது. பீன்யாவில் ஷெட்டுகளுக்கும் சந்துகளுக்கும் முடிவே கிடையாது.

மேற்கொண்டு அவள் யோசிக்கவில்லை. தன் சொந்த மொபைலை எடுத்து பிரிஜெட்டைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, ஹெட்போனின் மைக்கோடு சேர்த்துப் பிடித்தாள். ஹெட்போனின் ஒரு காதைத் திருப்பி மொபைலில் வைத்தாள்.

"சிஸ்டர், ஏழு மாசம். தல வலி, கண்ணுல மின்னுது. பீன்யா. எனக்குப் புரியல. நீங்க பேசுங்க."

பிரிஜெட் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "பேட்டி," என்று பெற்ற மகளைக் கூப்பிடுகிற மாதிரி ஆரம்பித்தார். அந்தக் குரலைக் கேட்டதும் மறுமுனையில் அழுகை வந்தது. அழவிட்டுவிட்டு, பிரிஜெட் ஒன்றொன்றாகக் கேட்டார். அட்ரஸ் கேட்கவில்லை. கதவைத் திறந்தால் எதிரில் என்ன தெரிகிறது, தண்ணீர் எங்கே பிடிக்கிறாய், புருஷன் எந்தக் கம்பெனி, மளிகை எந்தக் கடையில் என்று கேட்டார். காஸ் சிலிண்டர் ஏஜென்சி ஒன்றின் பின்சந்து என்பது வரை வந்தது. ஷோபா அதை அப்படியே ஆம்புலன்ஸ்காரர்களிடம் இன்னொரு போனில் சொன்னாள். பிரிஜெட் அந்தப் பெண்ணை இடது பக்கமாகப் படுக்கச் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடச் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரியிடமும் பேசினார். வண்டிச் சத்தம் கேட்கும்வரை இருவரும் லைனை விடவில்லை.

அதன்பிறகு ஒன்றும் தெரியவில்லை. எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று மட்டும் தெரிந்தது. அன்று சாயங்காலமும் மறுநாளும் ஷோபா அங்கே தெரிந்த நர்ஸ்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். யாரும் எடுக்கவில்லை, எடுத்தவர்களுக்குத் தெரியவில்லை. காலையில் கட்டாகிப்போன அந்த இரண்டு அழைப்புகளையே நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது நினைவிருந்தது. தேசிகன் கேட்ட ஆஜர் கணக்கைத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை விவரம் கிடைத்தது. வண்டியிலேயே ஒரு தடவை வலிப்பு வந்திருக்கிறது. போனதும் ஆபரேஷன் செய்து எடுத்திருக்கிறார்கள். தாய் பிழைத்துவிட்டாள். குழந்தை ஒரு கையில் அடங்குகிற அளவு, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், சொல்ல முடியாது என்றார்கள். ஷோபா பிரிஜெட்டிடம் அதைச் சொன்னபோது அவர் சரி மா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை தேசிகன் கூப்பிட்டனுப்புவார் என்று ஷோபாவுக்குத் தெரியும். எல்லா அழைப்பும் பதிவாகிறது. வேலையில் இல்லாத ஒருவரை நோயாளியின் அழைப்பில் பேசவைத்தது பெரிய தப்பு. ஞாயிறு மத்தியானம் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தவளிடம் பிரகாஷ் என்னவென்று கேட்டான். வேலையே போகலாம் என்றாள். மெஷின் முன்னால் முகத்தைக் காட்டிவிட்டு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்தாலும் தப்பில்லை, வீட்டில் உட்கார்ந்து உயிரைக் காப்பாற்றினால் தப்பாம் என்று புலம்பினாள்.

பிரகாஷ் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எங்க கம்பெனிலயும் அந்த மெஷின்தான். ஆனா மூணு யூனிட் இருக்கே, எந்த கேட்ல மூஞ்சியக் காட்டினாலும் ஆஜர்தான். வீட்டாண்ட இருக்கிற யூனிட்டுக்கு மாத்தி வாங்கினு போறவன் எத்தினி பேர் தெரியுமா," என்றான்.

அவன் பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான். ஷோபா எழுந்து போய் உத்தரவை மறுபடியும் படித்தாள். அரசு அலுவலகத்தில் என்று இருந்தது. எந்த அலுவலகம் என்று இல்லை.

மறுநாள் தேசிகன் முன்னால் போய் உட்கார்ந்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் பதிவைக் கேட்டுவிட்டுத்தான் அழைத்திருந்தார்.

"ஷோபா, நீங்க செஞ்சது எனக்குப் புரியறது. ஆனா ஃபைல்ல அது எப்படித் தெரியும்னு யோசிச்சேளா? ஏதாவது தப்பாப் போயிருந்தா?"

"தப்பாப் போயிருக்கும் சார். அந்தம்மா காலைல ரெண்டு வாட்டி கூப்டாங்க. எடுக்க ஆள் இல்ல. அது ஃபைல்ல இருக்கா சார்?"

சொன்ன பிறகு அவளுக்கே பயம் வந்துவிட்டது. தேசிகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பேசுவதற்குள் அவள் மிச்சத்தையும் சொல்லிவிட்டாள். லிங்கராஜபுரத்தில் நகர சுகாதார நிலையம் இருக்கிறது. பொம்மசந்திரா பக்கம் இருக்கிறது, பீன்யாவிலும் இருக்கிறது. எல்லாமே அரசுக் கட்டடம்தான். எல்லாவற்றிலும் ஆஜர் மெஷின் இருக்கிறது. ஒரு மூலையில் ஒரு மேஜை கொடுத்தால் போதும். நர்ஸ்கள் நடந்தே வந்துவிடுவார்கள். உத்தரவையும் மீறவில்லை.

அவர் உத்தரவை எடுத்து அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு எழுத்தில் கொடுங்கள் என்றார். அத்தோடு, வியாழக்கிழமை விஷயத்துக்கு மெமோ ஒன்று கொடுத்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை என்றும் சொன்னார். மெமோ அன்றைக்கே வந்துவிட்டது. அனுமதி வருவதற்குத்தான் வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் இன்னும் இரண்டு பேர் போனார்கள். ஷோபா ஒருநாள் விட்டு ஒருநாள் தேசிகன் அறை வாசலில் போய் நிற்பாள். அவர் தலையை நிமிர்த்தாமலேயே கையை அசைப்பார்.

வந்த அனுமதி மூன்று சுகாதார நிலையங்களுக்கு, மூன்று மாதத்துக்கு மட்டும். அதன்பிறகு பரிசீலிக்கப்படும் என்று இருந்தது.

பிரிஜெட் வந்தார். லிங்கராஜபுரத்தில் தடுப்பூசி ஃப்ரிட்ஜ் பக்கத்தில் அவருக்கு மேஜை போட்டார்கள். தரைத்தளம். பக்கத்துச் சந்தில் வீடு. உருது வரிசை பல நாட்களுக்குப் பிறகு பச்சையானது. நஸ்ரீனின் குழந்தை பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது என்ற சேதியும் அவர்தான் தேடிப் பிடித்துச் சொன்னார்.

ஸ்னேஹாவிடம் ஷோபா மூன்று தடவை பேசினாள். பொம்மசந்திராவில் அவள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் நாற்காலி இருக்கிறது என்றாள். ஸ்னேஹா முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள், "நீங்க கூப்பிடறீங்கன்னா எனக்கு வரணும்னுதான் இருக்கு அக்கா. ஆனா மூணு மாசம் கழிச்சு மறுபடியும் நாலாம் மாடிக்கே வான்னு சொல்லிட்டா? இங்க இருக்கறத விட்டுட்டு வந்து, அப்புறம் நான் எங்க போவேன்?"  அவள் வரவில்லை.

அந்த நாற்காலிக்கு மறுபடி விண்ணப்பம் கேட்டார்கள். யசோதா என்று ஒரு பெண் வந்தாள். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் இருந்தவள். தெலுங்கும் தமிழும் தெரியும், பேச்சில் பதற்றம் கிடையாது. வீட்டிலிருந்து செய்யலாமா என்று அவளும் கேட்டாள். இல்லை, ஆனால் பக்கத்திலேயே என்று ஷோபா விவரம் சொன்னதும் முகம் தெளிந்தது. பிறகு, இது எத்தனை நாளைக்கு என்றாள்.

பக்கத்தில் தேசிகன் உட்கார்ந்திருந்தார். சமாளிக்கிற மாதிரி ஏதாவது சொல்லலாம். நாற்காலி நிரம்பிவிடும். ஷோபா சொன்னாள், "மூணு மாசத்துக்குத்தான் எழுத்துல இருக்கு மா. அதுல ஒண்ணு முடியப்போவுது. அதுக்கப்புறம் எனக்கே தெரியாது."

யசோதா புருஷனைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வெளியே போனாள். ஷோபா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேசிகன் அடுத்த விண்ணப்பத்தைப் புரட்டினார். கொஞ்ச நேரம் கழித்து யசோதா திரும்பி வந்து, திங்கட்கிழமையிலிருந்து வரட்டுமா என்று கேட்டாள்.

அவள் இப்போது பொம்மசந்திராவில் உட்கார்ந்து பேசுகிறாள். நன்றாகவே பேசுகிறாள். ஷோபா வாரத்தில் ஒரு நாள் பஸ் ஏறிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருகிறாள். பரிசீலனை என்றைக்கு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. சுவரில் இருக்கும் திரை பெரும்பாலும் பச்சையாக இருக்கிறது. ஷோபா அதை நம்புவதில்லை.